சிரிப்புக்கு ஒரு விரற்கடை

மேலத்தாங்கல் ஊராட்சித் தலைவர் தேர்தலில் பஞ்சர் கடை மாசிலாமணி தன்னைத் தானே கேலி செய்து ஓட்டுக் கேட்ட பதினான்கு நாளில், எண்பத்தெட்டு விரற்கடை உயரம் இருந்தவர் பத்து விரற்கடை உயரம் ஆனார். அது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எந்த நாளில் எத்தனை விரற்கடை, அதாவது எத்தனை விரல் அகலம், குறைந்தார் என்கிற கணக்கு மட்டும் என்னிடம்தான் இருக்கிறது, ஏனென்றால் அவருக்காக மைக் ஸ்டாண்டை இறக்கி இறக்கி வைத்தவன் நான்.

என் பெயர் வேதாசலம். ஐந்தாவது வரை படித்தேன். முப்பத்தெட்டு வருஷமாக மைக் செட் வைத்திருக்கிறேன். ஊரில் வேறு செட் கிடையாது, ஆகையால் தேர்தல் என்றால் எதிரும் புதிருமாக நிற்கிறவர்கள் இரண்டு பேருமே என்னைத்தான் கூப்பிடுவார்கள். இத்தனை வருஷத்தில் மைக்கில் நான் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன்று, ரெண்டு, மூணு. அதைச் சொல்லிவிட்டு ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். நாலு பேர் என்னைப் பார்த்தால் எனக்கு வியர்த்துவிடும்.

கூட்டம் நடக்கிற இடம் எப்போதும் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு முன்னால்தான். அந்தச் சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் ஏரிக்கரை உடைந்து ஊருக்குள் தண்ணீர் வந்தபோது அது நின்ற உயரம் அந்தக் கோடு. தரையிலிருந்து தொண்ணூற்றாறு விரற்கடை. ஏரியின் மதகுச் சாவி அப்போது தலைவராக இருந்த கஜபதியின் இடுப்பில் இருந்தது. மதகைத் திறந்தால் தண்ணீர் போகிற வழியில் அவருடைய செங்கல் சூளை இருந்தது. அவர் திறக்கவில்லை. கேட்டபோது தூங்கிவிட்டேன் என்றார். ஏழு பேர் செத்தார்கள். ஏழாவது ஆள் என் மனைவி ஆதிலட்சுமி. விசாரணைக்கு வந்த அதிகாரிகள் மூன்று தடவை டீ குடித்துவிட்டுப் போனார்கள், சாவி கஜபதியின் இடுப்பிலேயே இருந்தது, அந்த ஏழு பேருக்காக இந்த ஊரில் மிச்சம் இருந்தது அந்தக் கோடு ஒன்றுதான்.

மாசிலாமணி இந்தத் தடவை தேர்தலுக்கு நின்றதே அந்தச் சாவிக்காகத்தான். தலைவரானால் மதகுச் சாவியைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஆணியடித்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்டுவேன் என்று முதல் நாள் காலையில் அரை மணி நேரம் பேசினார். ஒரு வார்த்தை கூடத் தப்பாகப் பேசவில்லை. நின்று கேட்டவர்கள் ஆறு பேர். அதில் ஒருவர் பஸ்ஸுக்கு நின்றவர்.

சாயந்திரம் அவர் வேறு மாதிரி ஆரம்பித்தார்.

"ரெண்டு தடவை நின்னு ரெண்டு தடவையும் டெபாசிட் போனவன் வந்திருக்கேன். போன தடவை என் வீட்டுல நாலு ஓட்டு, பொட்டியில மூணு ஓட்டு. அந்த ஒண்ணு யாருன்னு இன்னும் கண்டுபிடிக்கல. கோமதி மேலதான் சந்தேகம்."

ஜனங்கள் சிரித்தார்கள். ஓரமாக நின்ற அவர் மனைவி கோமதியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நின்றார்கள். பிறகு தன் வழுக்கையைப் பற்றி ஒன்று சொன்னார், தன் குரலைப் பற்றி ஒன்று சொன்னார், கூட்டம் நூற்றுப் பத்து ஆயிற்று, சிரிப்பு மூன்று ஆயிற்று. சிரிப்பை நான் எண்ணுவதற்குக் காரணம் உண்டு. கூட்டம் சிரிக்கிற சத்தம் மைக்கில் ஏறினால் ஸ்பீக்கர் கூவென்று கத்தும், ஆகையால் ஒவ்வொரு சிரிப்புக்கும் குமிழை ஒரு தடவை இறக்கி ஏற்ற வேண்டும். அந்த வேலையை என் கை தானாகச் செய்யும், செய்யும்போதே எண்ணும்.

மறுநாள் காலையில் மைக் அவர் நெற்றிக்கு நேராக இருந்தது. ஸ்டாண்டின் குழாயில் விரற்கடைக்கு ஒரு கோடாக ஆணியால் கீறி வைத்திருக்கிறேன். மூன்று கோடு இறக்கினேன். அடுத்த நாள் ஆறு சிரிப்பு, ஆறு கோடு. அதற்கடுத்த நாள் ஏழு சிரிப்பு, ஏழு கோடு. ஸ்டாண்ட் கெட்டுப்போயிருக்குமோ என்று வேறு ஸ்டாண்டிலும் பார்த்தேன். எட்டு நாளில் நாற்பத்தெட்டு சிரிப்பு ஆகியிருந்தது, மாசிலாமணி நாற்பது விரற்கடை இருந்தார்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதலில் ஒரு பலகை போட்டார்கள், பிறகு முக்காலி போட்டார்கள், பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து மேஜை கொண்டுவந்து அதன்மேல் அவரை நிறுத்தினார்கள். டைலர் அவருக்கு முதல் வகுப்புப் பையன் அளவில் வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தான், நாலு நாள் கழித்து அதே சட்டையைப் பிரித்து மூன்றாகத் தைத்தான். பூக்காரி மாலையின் நீளத்தைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் கைக்குக் கட்டுகிற சரம் ஒன்றையே மாலையாகப் போட்டாள். தேர்தல் அதிகாரி ஒரு தடவை வந்து வேட்புமனுவைப் புரட்டிப் பார்த்தார். அதில் பெயர் இருந்தது, வயது இருந்தது, சொத்து விவரம் இருந்தது, உயரத்துக்குக் கட்டம் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சின்ன தலைவர் வந்தால் பஞ்சாயத்துக்கு ஜீப் செலவு மிச்சம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அவருக்குக் கொடுத்த சின்னம் ஏணி. அவரே அதைச் சொல்லிச் சிரிக்க வைத்து இன்னொரு விரற்கடை குறைந்தார். குறையக் குறைய அவர்மேல் ஊருக்குப் பிரியம் கூடியது. சுவரொட்டியில் மட்டும் அவர் முகம் பழையபடி பெரிதாக இருந்தது.

கோமதி ஒயர் கூடையில் அவரை உட்கார வைத்துக் கொண்டுவரும். மறு கையில் காக்காய் ஓட்ட ஒரு குச்சி வைத்திருக்கும். ஒன்பதாம் நாள் என்னிடம் வந்து, கூடையைத் தன் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னது: "அண்ணே, அவரு சிரிக்க வெக்கும்போது வயரைப் புடுங்கிடுங்க. எனக்கு ஓட்டு வேணாம்ணே, ஆளு வேணும்."

அன்று சாயந்திரமே பிடுங்கினேன். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் செய்த முதல் துரோகம் அது. மாசிலாமணி மேஜையின் ஓரத்துக்கு வந்து, என் குரலைக் கேட்டால் மைக்கே செத்துப்போகிறது பாருங்கள் என்று வெறும் வாயால் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கும் ஒரு விரற்கடை போயிற்று. அப்புறம் நான் வயரைத் தொடவில்லை.

இது வரைக்கும் எதிர்த்து நின்ற கஜபதியின் கூட்டத்துக்கு ஆளே இல்லை. அவருக்குப் பூட்டு சாவி சின்னம். மார்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் போல் யார் உண்டு என்று பேசுவார். அவருடைய ஆட்கள் பதினான்கு பேர் கை தட்டுவார்கள். எட்டு நாள் மாசிலாமணியின் கூட்டத்தைத் தூரத்தில் காருக்குள் உட்கார்ந்து பார்த்தார். ஒன்பதாம் நாள் இருட்டுவதற்குள் மேடை ஏறித் தன் தொந்தியைத் தட்டி, இது சாப்பாட்டில் வந்தது இல்லை, நீங்கள் போன தேர்தலில் போட்ட ஓட்டெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்றார். ஜனங்கள் அசந்துபோய்ச் சிரித்தார்கள். பத்தாம் நாள் காலையில் அவர் வேட்டியின் கரை மண்ணில் இழுபட்டது. ஒரு விரற்கடை. அவர் குனிந்து அதைப் பார்த்தார், தலையை நிமிர்த்தி மேஜைமேல் நிற்கிற மாசிலாமணியைப் பார்த்தார், பிறகு காருக்குள் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் மூளைக்காரர். நான் மூன்று நாள் ஸ்டாண்டை மாற்றி மாற்றி அளந்து தெரிந்துகொண்டதை அவர் ஒரு வேட்டிக் கரையில் தெரிந்துகொண்டார். அதற்கு மேலேயும் ஒன்றைத் தெரிந்துகொண்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அன்று முதல் கஜபதி தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மதகைப் பற்றிப் பேசினார்.

சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள், அவ்வளவு பத்திரமாக வைத்தேன், எனக்கே கிடைக்கவில்லை என்றார். சிரிப்பு. எனக்குப் பூட்டு சாவி சின்னம் கொடுத்த அதிகாரிக்கு என் கதை எல்லாம் தெரிந்திருக்கிறது என்றார். சிரிப்பு. என் தூக்கத்துக்கு ஒரு வார்டு ஒதுக்கினால் அங்கேயும் நான்தான் ஜெயிப்பேன் என்றார். தப்பை ஒளிக்காமல் ஒத்துக்கொள்கிறாரே, பெரிய மனசு என்று என் பக்கத்தில் ஒருவர் சொன்னார். பத்தாம் நாள் மூன்று கூட்டம், இருபத்திரண்டு சிரிப்பு. மறுநாள் அவருக்காக ஸ்டாண்டை இறக்கி வைக்கலாம் என்று போனேன். இறக்க வேண்டியிருக்கவில்லை. கஜபதி அப்படியே இருந்தார்.

எனக்குக் கணக்கு உதைத்தது. இருபத்திரண்டு எங்கேயாவது போயிருக்க வேண்டும். வயரைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போகும்போது என் தலைக்கு மேலே இருக்க வேண்டிய கோடு என் கழுத்துக்கு நேராக இருந்தது. ஸ்டாண்டை வைத்து அளந்தேன். எழுபத்துநாலு. பெயின்ட் உரியவில்லை, யாரும் அழித்து எழுதவில்லை, அதே பழைய பெயின்ட், அதே வெடிப்பு, அதன் கீழே அடையாளத்துக்கு நான் ஈர்க்குச்சியால் போட்டிருந்த சின்னப் புள்ளியும் அதோடு சேர்ந்து இறங்கியிருந்தது.

பதினோராம் நாள் இருபத்தைந்து சிரிப்பு. கோடு நாற்பத்தொன்பதுக்கு வந்தது.

மாசிலாமணி குறைந்ததைப் பார்த்து நான் திகைக்கவில்லை. கோடு இறங்கியதைப் பார்த்தும் திகைக்கவில்லை. ஜனங்கள் பேச ஆரம்பித்ததைக் கேட்டுத்தான் திகைத்தேன். தண்ணீர் இடுப்பு அளவுதானே வந்தது என்றார்கள். தன் வீட்டு ஓடுகளைப் பிரித்துக்கொண்டு கூரைமேல் ஏறி ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்திருந்த மனுஷனே, எதற்கு அன்றைக்குக் கூரைமேல் ஏறினோம், பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிச் சிரித்தார். வீடுகளுக்குள் சுவரில் இருந்த சேற்றுக் கறையும் கோட்டோடு சேர்ந்து இறங்கியிருந்தது. பன்னிரண்டாம் நாள் கோடு முழங்காலுக்கு வந்தபோது, என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த அண்ணாமலை, டீ கிளாஸை ஊதிக்கொண்டே என் முகத்தைப் பார்த்து அக்கறையாகச் சொன்னான்: "மொழங்கால் தண்ணியில யாருனா சாவாங்களா வேதாசலம்? உன் வீட்டுக்காரிக்கு மயக்கம் கியக்கம் வந்திருக்கும்பா. நீதான் அன்னிக்கே டாக்டராண்ட காட்டியிருக்கணும்."

ஆதிலட்சுமி என்னை விட இரண்டு விரற்கடை உயரம். தண்ணீர் அவள் தலைக்கு மேலே எட்டு விரற்கடை நின்றது. நான் அளந்தவன்.

பதின்மூன்றாம் நாள் காலையில் இன்னொன்று நடந்தது. முந்தின நாள் கஜபதிக்கு நான் எண்ணிய சிரிப்பு இருபது. கோடு இருபத்தொன்று இறங்கியிருந்தது. மறுபடி அளந்தேன். இருபத்தொன்று. முப்பத்தெட்டு வருஷத்தில் என் எண்ணிக்கை தப்பியதில்லை. மூன்றாவது தடவை அளந்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து முந்தின நாள் கூட்டத்தை முதலிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். இரண்டாவது கூட்டத்தில் ஓர் இடத்தில் ஸ்பீக்கர் கூவென்று கத்தியது. என் கை குமிழை இறக்கவில்லை. ஏன் இறக்கவில்லை?

கஜபதி அப்போது மைக்கில் குறட்டை விட்டுக் காட்டினார். பிறகு சொன்னார்: "சாவிய இடுப்புல சொருகிகினு இப்படித்தான் தூங்கினு இருந்தேன். ஏரிக்கரை தண்ணியால உடையல, என் கொறட்டையாலதான் உடைஞ்சதுன்னு என் பொண்டாட்டியே சொல்றா."

அந்தக் குறட்டை நிஜமான குறட்டை மாதிரியே இருந்தது. கை எண்ணாமல் விட்டதற்குக் காரணம் அதுதான். நானும் சிரித்திருந்தேன்.

அந்த ஒரு விரற்கடை என்னுடையது. அங்கேயே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அதை மட்டும் நான் எண்ணவில்லை.

அன்று மத்தியானம் மாசிலாமணியின் பஞ்சர் கடைக்குப் போய் அவரிடமும் கோமதியிடமும் எல்லாக் கணக்கையும் சொன்னேன். எதைச் சொல்லிச் சிரிக்கிறார்களோ அது சிரிப்புக்கு ஒரு விரற்கடை குறைகிறது, உங்களைச் சொல்லி நீங்கள் குறைகிறீர்கள், வெள்ளத்தைச் சொல்லி அவர் வெள்ளத்தைக் குறைக்கிறார் என்றேன். மாசிலாமணி ஒரு ஸ்பேனர்மேல் உட்கார்ந்திருந்தார். பதினான்கு விரற்கடை இருந்தார், சாயந்திரக் கூட்டத்துக்கு நாலு வேடிக்கை வைத்திருந்தார்.

"சிரிச்சாதான்ணே நிக்கறாங்க. நான் ஒழுங்கா பேசினப்ப ஆறு பேர் நின்னாங்க. எண்ணினது நீங்கதான்," என்றார்.

கோமதிதான் சொன்னது: "அப்ப நீங்க ரெண்டு பேரும் பேசாதீங்க. அண்ணன் பேசட்டும்."

பதினான்காம் நாள். ஐந்து மணியோடு பிரசாரம் முடிய வேண்டும். மூன்றிலிருந்து நாலு மாசிலாமணிக்கு, நாலிலிருந்து ஐந்து கஜபதிக்கு. சுவரில் கோடு எட்டு விரற்கடையில் இருந்தது, கணுக்காலைத் தாண்டி ஒரு கொசுறு. இன்னும் எட்டு சிரிப்பு. அதற்கப்புறம் மேலத்தாங்கலில் வெள்ளமே வந்திருக்காது, ஏழு பேரும் ஏதோ தங்கள் தப்பால் செத்திருப்பார்கள். ஊரே வந்திருந்தது. கோமதி கூடையிலிருந்து மாசிலாமணியை எடுத்து மேஜைமேல் விட்டது. பத்து விரற்கடை. அவர் மைக்குக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இந்த ஒரு மணி நேரமும் மைக் அண்ணன் பேசுவார் என்று மட்டும் சொன்னார்.

நான் ஆம்ப்ளிபயருக்குப் பின்னாலிருந்து வந்தேன். ஸ்டாண்டை ஏற்ற எனக்குக் கை வரவில்லை. குனிந்தே நின்றேன். வாயைத் திறந்தால் எனக்கு வந்தது ஒரே வாக்கியம்தான்.

"ஹலோ, மைக் டெஸ்டிங்."

எல்லோரும் சிரித்தார்கள். மாசிலாமணியின் புது வேடிக்கை என்று நினைத்தார்கள். என் குதிகால் செருப்புக்குள் கொஞ்சம் நகர்ந்தது.

"ஒன்று," என்றேன். மறுபடி சிரித்தார்கள். செருப்பு இன்னும் கொஞ்சம் பெரிதாயிற்று. இரண்டு விரற்கடை. என்னுடையதுதானே, போகட்டும்.

"ஒன்று, கன்னியப்பன். தண்ணீ தலைக்கு மேல பத்து விரக்கடை. ரெண்டு, அவரு சம்சாரம் தேசம்மாள். தலைக்கு மேல பதினேழு. மூணு, பழைய டைலர் ஜானகிராமன். நாலு, அவர் மக திவ்யா, நாலாங்கிளாஸ். மேல முப்பத்தெட்டு. அஞ்சு, பொட்டிக்கடை ராணியம்மா, கால் நடக்காது, கட்டில்லயே. ஆறு, சூளையில வேலை செஞ்ச வடக்கத்தி ஆளு. பேரு யாரும் கேட்டு வெக்கல. ஏழு, ஆதிலட்சுமி. என் வீட்டுக்காரி. மேல எட்டு."

பிறகு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு தடவை சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் எழுந்து போனார்கள். மிச்சப் பேர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாமலை கோட்டைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான், பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நாலு மணிக்குக் கஜபதி மேடை ஏறிக் குறட்டை விட்டார். கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் சிரித்து, தன் சிரிப்பு தனியாகக் கேட்டதும் நிறுத்திக்கொண்டார். யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். கஜபதி இன்னொரு தடவை குறட்டை விட்டார். அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் ஊர் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டார்.

இருந்தும் அவர்தான் ஜெயித்தார், நாற்பத்துமூன்று ஓட்டு வித்தியாசத்தில். எழுந்து போன பாதிப் பேர் போட்ட ஓட்டு. மாசிலாமணிக்கு இந்தத் தடவை டெபாசிட் திரும்ப வந்தது. அவர் வளரவில்லை. டயருக்குள்ளேயே இறங்கி முள் எங்கே என்று பார்த்துச் சொல்கிறார், கோமதி வெளியிலிருந்து ஒட்டுப் போடுகிறது, கடைக்குப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வண்டி வருகிறது. நான் தினமும் காலையில் ஸ்டாண்டை எடுத்துப் போய்க் கோட்டை அளக்கிறேன். ஏழு. இறங்கியது திரும்ப ஏறவில்லை. அது ஏற ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்பது ஐப்பசி பிறந்ததும் எல்லோருக்கும் புரிந்தது. ஏரி நிறைந்தது. சூளையில் புதுச் செங்கல் அடுக்கியிருந்தார்கள். சாவி தலைவர் இடுப்பில் இருந்தது.

மழையின் நாலாவது நாள் மத்தியானம், கரை மட்டத்துக்குத் தண்ணீர் ஒன்பது விரற்கடை குறையாக இருந்தபோது, மாசிலாமணியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கஜபதி வீட்டுக்குப் போனேன். மதகுச் சக்கரத்தைச் சுற்ற அண்ணாமலையும் இன்னும் ஐந்து பேரும் கரைமேல் நனைந்துகொண்டு நின்றார்கள். கஜபதி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். கதவு சாத்தியிருந்தது. கதவுக்கும் வாசற்படிக்கும் நடுவில் இருந்த இடுக்கை விரலால் அளந்து பார்த்தேன். மூன்று. படுத்து நகர்ந்தால் போதும். மாசிலாமணி போகும்போது திரும்பி ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் உள்ளே நுழைந்தார்.

உள்ளேயிருந்து குறட்டை கேட்டது. மைக்கில் கேட்ட அதே குறட்டை. நான் மழையில் நின்று அதை ஒவ்வொன்றாக எண்ணினேன், ஒன்றையும் விடவில்லை. நூற்றுப் பதினெட்டாவது குறட்டையில் கதவின் அடியில் சாவியின் வளையம் தெரிந்தது.